ஒரு படம் என்ன செய்யும்? – ஈழப் போரும் தமிழ்நாட்டின் மனசும்



நம்ம ஆரணியில் இரண்டு பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. ஒன்று 1751 டிசம்பரில், ராபர்ட் கிளைவின் படை ராஜா சாகிபின் படையோடு மோதியது. இன்னொன்று 1782 ஜூன் 2 அன்று, ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டுக்கும் நடந்தது. ஆனால் அந்தச் சண்டைகளை நினைத்தால் நம் கண் முன்னால் எதுவும் வருவதில்லை. யார் செத்தார்கள், எந்த வயல் எரிந்தது, எந்த வீட்டில் அழுதார்கள், ஒன்றும் தெரியாது. ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி அனுப்பிய அறிக்கைதான் வரலாறு. கேமரா அப்போது பிறக்கவே இல்லை.

கேமரா வந்த பிறகு போர் பற்றி மக்கள் நினைப்பது எப்படி மாறியது? இந்தக் கேள்விக்கு எல்லோரும் வியட்நாமைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் 26 வருஷம் ஒரு போர் நடந்தது. அதைப் பற்றி தமிழ்நாட்டின் மனசு பல முறை புரண்டது. அந்தப் புரட்டலில் புகைப்படங்களுக்கு என்ன பங்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் முன்கதை

போர்க்களத்துக்குக் கேமராவோடு போன முதல் ஆட்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ரோஜர் ஃபென்டன். 1855இல் கிரிமியப் போருக்குப் போனார். அவர் எடுத்த படங்களில் பிணங்களே கிடையாது! அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், குதிரைகள் நிற்கும், கூடாரம் தெரியும். பார்த்தால் சுற்றுலா போன மாதிரி இருக்கும்.

அதற்கு நேர் எதிர் நம் நாட்டில் நடந்தது. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக் தோட்டத்தில் ஆங்கிலப் படை ஏராளமான சிப்பாய்களைக் கொன்றது. ஃபெலிசே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் அங்கே போனது 1858இல், அதாவது சில மாதம் கழித்து. அவர் எடுத்த படத்தில் இடிந்த மாளிகையின் முன்னால் எலும்புகள் சிதறிக் கிடக்கும். அந்த எலும்புகள் படத்துக்காகவே பரப்பி வைக்கப்பட்டவை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். போர்ப் படம் பிறந்த சில வருஷத்திலேயே இரண்டு வித்தைகளும் வந்துவிட்டன பாருங்கள். ஒன்று மறைப்பது, இன்னொன்று ஜோடித்துக் காட்டுவது.

வியட்நாமையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1972 ஜூன் 8 அன்று எடுக்கப்பட்ட, நேபாம் குண்டில் எரிந்து ஓடி வரும் சிறுமியின் படம் போரையே நிறுத்தியது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 1969இல் 5 லட்சத்து 40 ஆயிரம் வரை இருந்த அமெரிக்கப் படையில் பெரும்பகுதி அந்தப் படம் வருவதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டது. அதை எடுத்தது யார் என்பதிலேயே சந்தேகம் கிளம்பி, 2025இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு நிக் உட் என்ற பெயரை அந்தப் படத்திலிருந்து நிறுத்தி வைத்தது. ஆக, "படம் போரை நிறுத்தும்" என்ற கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சரி, நம் கதைக்கு வருவோம்.

1983: பொரளை பஸ் நிலையம்

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். அவர்களைக் கொழும்பின் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்வதாக ஏற்பாடு. அங்கே கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் கிளம்பி நாடு முழுக்கப் பரவியது. இதைத்தான் கறுப்பு ஜூலை என்கிறோம்.

அந்த நேரத்தில் பொரளை பஸ் நிலையத்தில் எடுக்கப்பட்ட ஒரு படம் இருக்கிறது. ஆடை முழுவதும் உரியப்பட்ட ஒரு தமிழர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் இளைஞர்கள் சிரித்துக்கொண்டு ஆடுகிறார்கள். எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க, ஒரு சிங்களவர். இதை நாம் மறக்கக் கூடாது. தமிழர் பட்ட அவமானத்துக்கு உலகம் அறிந்த சாட்சியம் ஒரு சிங்களவரின் கேமராவில் இருந்துதான் வந்தது.

ஆனால் 1983இல் தமிழ்நாடு கொதித்ததற்கு இந்த ஒரு படம் காரணம் என்று சொல்ல முடியாது. செய்தி வானொலியிலும் பத்திரிகையிலும் வந்தது. படகில் வந்து இறங்கிய அகதிகளின் வாயாலும் வந்தது. நம்ம ஊரில் தறிக்குழியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குச் செய்தி எப்போதுமே காது வழியாகத்தான் வரும். கண்ணை ஜரிகையிலிருந்து எடுக்க முடியாதே! காது வழியாக வந்த செய்தியே போதுமானதாக இருந்தது. மாநிலம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது. கலைஞரும் பேராசிரியர் அன்பழகனும் ஆகஸ்டில் சட்டமன்றப் பதவியைத் துறந்தார்கள்.

அப்படியானால் அந்தப் படம் என்ன செய்தது? வருஷா வருஷம் ஜூலை மாதம் திரும்பத் திரும்ப அச்சானது. நடந்ததை நேரில் பார்க்காத தலைமுறைக்கும் அதை நினைவாக்கியது. கருத்தை உண்டாக்கியது செய்தி, அதை ஆறவிடாமல் வைத்திருந்தது படம்.

1991: பத்து படங்கள்

தமிழ்நாட்டில் ஒரு பொதுக்கருத்தையே தலைகீழாக்கிய படம் எது என்று கேட்டால், நான் ஸ்ரீபெரும்புதூரைத்தான் சொல்வேன்.

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். குண்டு வெடித்த இடத்தில் இறந்து கிடந்தவர்களில் ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் ஒருவர். அவர் உடல் மேல் ஒரு கேமரா இருந்தது. அது உடையவில்லை. உள்ளே இருந்த ஃபிலிமைக் கழுவியபோது பத்து படங்கள் கிடைத்தன. கையில் சந்தன மாலையோடு ஒரு பெண் காத்திருக்கும் படம் அதில் ஒன்று. மே 24 அன்று 'தி இந்து'வில் வெளியானது. சதியைப் பதிவு செய்யச் சதிகாரர்களே ஏற்பாடு செய்த படம் அவர்களையே காட்டிக்கொடுத்தது.

அந்தப் படத்தில் ரத்தம் இல்லை, வெடிப்பு இல்லை. ஆனால் 1983இலிருந்து போராளிகளுக்குச் சோறு போட்ட, இடம் கொடுத்த தமிழ்நாடு அதன் பிறகு கதவைச் சாத்தியது. ஜூனில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது இரண்டே இடம். நாடாளுமன்றத்தில் 39 தொகுதியையும் அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி அள்ளியது. 1992 மே மாதம் விடுதலைப்புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கொலை நடந்ததே இந்தக் கோபத்துக்குப் போதும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் "யார் செய்தது" என்ற கேள்விக்கு மூன்று நாளில் ஒரு முகம் கிடைத்தது அந்தப் படத்தால்தான்.

இதன் பாரம் எளிய மக்கள் மேல் விழுந்தது. நம்ம திருவண்ணாமலை மாவட்டம் உட்பட தமிழ்நாடு முழுக்க இருந்த முகாம்களில் வாழ்ந்த அகதிகள் அந்தக் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். ஆனாலும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். ஒரு படம் ஒரு ஆளைத்தான் காட்டுகிறது, பார்க்கிறவர்கள் ஒரு ஜனத்தையே அதில் பார்க்கிறார்கள்.

இரண்டு மக்கள், இரண்டு ஆல்பம்

இங்கே சங்கடமான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாம் பார்த்த படங்களும் சிங்கள மக்கள் பார்த்த படங்களும் வேறு வேறு.

1985 மே மாதம் அனுராதபுரத்தில் 140க்கும் மேற்பட்ட பொதுமக்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1987 ஜூன் 2 அன்று அரந்தலாவையில் ஒரு பஸ்ஸை மறித்து 30க்கும் மேற்பட்ட புத்த பிக்குகளைக் கொன்றார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவையில் கண்ணிவெடியில் ஒரு பஸ் சிதறி 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இந்தப் படங்களில் எத்தனை நம் ஊர்ச் சுவரொட்டியில் வந்தன? அதே போல செம்மணியும் நவாலியும் கொழும்புப் பத்திரிகைகளில் எத்தனை முறை முதல் பக்கத்தில் வந்தன? ஒவ்வொரு பக்கமும் தன் காயத்தின் ஆல்பத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தது. பி.காம். மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், பற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் கணக்கை முடிக்க முடியாது.

2006: சாட்சியாக மாறிய படம்

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய நம் வயசுதான். அவர்கள் கையில் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பு சொன்னது.

'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் வெளியானதும் கைக்குண்டுக் கதை நொறுங்கியது. ஜனவரி 24 அன்று சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர்கள் கொலையில் 2013இல் கைதான 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

கணக்குத் தணிக்கையில் வவுச்சர் என்று ஒன்று உண்டு. வவுச்சர் இருந்தால் பொய்க் கணக்கு நிற்காது. சுகிர்தராஜன் எடுத்தது அந்த மாதிரி வவுச்சர். அதற்கு அவர் கொடுத்த விலை உயிர். பொய்யை உடைக்கிற வேலையை அந்தப் படம் செய்தது. தண்டனை வாங்கித் தருகிற வேலையைப் படத்தால் செய்ய முடியவில்லை. அதற்கு நீதிமன்றம் வேண்டும், சாட்சி வேண்டும், மனசுள்ள அரசாங்கம் வேண்டும்.

2009: படம் இல்லாத போர்

2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான பத்திரிகையாளர் யாரும் போர்ப் பகுதிக்குள் போக முடியவில்லை. 2009 ஜனவரி 8 அன்று 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு வெளியே வந்த படங்கள் இரண்டு வகைதான். ஒன்று, வானத்திலிருந்து ராணுவம் எடுத்தது. மக்கள் எறும்பு மாதிரி கடலேரியைக் கடந்து வருவார்கள். "மீட்கப்பட்ட மக்கள்" என்று தலைப்பு. இன்னொன்று, உள்ளே சிக்கிய தமிழர்களே எடுத்து அனுப்பிய தற்காலிக ஆஸ்பத்திரிப் படங்கள். அவற்றை "புலிப் பிரசாரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளினார்கள். புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததும் உண்மை, அந்த ஆஸ்பத்திரிகள் மேல் குண்டு விழுந்ததும் உண்மை. 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை இரண்டையும் சொன்னது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் சொன்னது.

அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் நிலை? ஜனவரி 29 அன்று முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து இறந்தார். ஏப்ரலில் கலைஞர் உண்ணாவிரதம் இருந்தார். போரில் மக்கள் சாவது இயல்பு என்று ஜனவரியில் பேசிய ஜெயலலிதா, ஏப்ரலில் தனி ஈழமே தீர்வு என்றார். தெருவெல்லாம் படம், சுவரொட்டி, கண்காட்சி.

மே 13 அன்று தேர்தல். போர் முடிவதற்கு ஐந்தே நாள் முன்பு. தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி 39இல் 27 தொகுதிகளை ஜெயித்தது. அந்த முறைதான் ஆரணி முதன்முதலாக மக்களவைத் தொகுதியானது. இங்கே ஜெயித்தது யார் தெரியுமா? காங்கிரஸின் கிருஷ்ணசாமி!

இதைச் சொல்லி யாரையும் குறை சொல்ல வரவில்லை. ரேஷன் அரிசி, நூல் விலை, ஜாதி, வேட்பாளர், உள்ளூர் கட்சிக்காரர் என்று ஓட்டுக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் "படத்தைப் பார்த்தால் மக்கள் பொங்கி எழுவார்கள்" என்பது அவ்வளவு சுலபமான சூத்திரம் அல்ல என்பதற்கு நம் தொகுதியே உதாரணம்.

2013: பையன் கையில் தின்பண்டம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், வயது 12. மார்பில் குண்டுக் காயங்களோடு அவன் இறந்து கிடக்கும் காட்சி 2012 மார்ச்சிலேயே பிரிட்டனின் சேனல் 4 மூலம் வெளிவந்துவிட்டது. தமிழ்நாட்டில் வருத்தம் இருந்தது, அறிக்கைகள் வந்தன. அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து, 2013 பிப்ரவரி 19 அன்று, ஆவணப்பட இயக்குநர் கேலம் மேக்ரே மூலம் 'தி இந்து'வில் வேறு படங்கள் வந்தன. அவற்றில் பாலச்சந்திரன் உயிரோடு இருக்கிறான். மணல் மூட்டைப் பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கிறான். தோளில் ஒரு துணி. கையில் ஏதோ தின்பண்டம், வாயில் வைக்கிறான். நிமிர்ந்து பார்க்கிறான். உயிரோடு இருக்கும் படமும் இறந்த படமும் சில மணி நேர இடைவெளியில் ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை என்றும், மிக அருகிலிருந்து சுடப்பட்டான் என்றும் ஆய்வு சொன்னது. இலங்கை ராணுவம் மறுத்தது.

மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சில நாளில் தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் வாசலுக்கு வந்தன. அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது. மார்ச் 19 அன்று தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகியது. மார்ச் 21 அன்று ஜெனீவாவில் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டது. சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடவில்லை. மார்ச் 27 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம். அப்போது நான் நான்காம் வகுப்பு. இன்று அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கிறது. ஐந்து வாரத்தில் இத்தனை!

இறந்த படம் செய்யாததை உயிரோடு இருக்கும் படம் ஏன் செய்தது? நான் யோசித்த வரையில் காரணம் இது. பிணத்தைப் பார்த்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். "போரில் செத்திருப்பான்" என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். தின்றுகொண்டிருக்கும் பையனைப் பார்த்தால் திருப்ப முடியாது. அவன் பிடிபட்டிருக்கிறான், யாரோ தின்னக் கொடுத்திருக்கிறார்கள், ஆபத்தில்லை என்று அவன் நினைத்திருக்கலாம். அடுத்து நடக்கப்போவது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் நம்மைக் கொல்கிறது. அப்பா யார் என்பது அங்கே மறந்து போகிறது. புலிகளைப் பிடிக்காதவர்கள் கூட அந்தப் படத்தின் முன் வாயடைத்து நின்றார்கள்.

ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. அதே மார்ச் மாதம் தஞ்சாவூரிலும் சென்னை சென்ட்ரலிலும் இலங்கையிலிருந்து வந்த புத்த பிக்குகள் தாக்கப்பட்டார்கள். பாலச்சந்திரனைச் சுட்டது அவர்களா? இல்லையே. 1991இல் அகதி மேல் விழுந்த கோபம் 2013இல் பிக்கு மேல் விழுந்தது.

இன்னொன்று, அந்தச் சூடு நிற்கவில்லை. 2014 மார்ச்சில் ஜெனீவாவில் இந்தியா யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. 2014 தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு இடமும் ஜெயிக்கவில்லை. ஆனால் அரசிலிருந்து விலகிய தி.மு.க.வும் ஜெயிக்கவில்லையே! 2019இல் ஆரணி மறுபடி காங்கிரஸிடம் போனது. ஜெயித்தவர் கிருஷ்ணசாமியின் மகன் விஷ்ணு பிரசாத். கொதிப்புக்கும் ஓட்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பது மறுபடியும் தெரிகிறது.

கடைசியாக

படித்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது மூன்று.

ஒன்று, படம் தனியாக வேலை செய்யாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் உணர்வுக்குத்தான் அது தீக்குச்சி. 1983இலும் 2013இலும் விறகு காய்ந்திருந்தது.

இரண்டு, எந்தப் படம் வெளியே வருகிறது என்பதை முடிவு செய்கிறவர்தான் பாதிக் கருத்தை முடிவு செய்கிறார். வன்னியில் கேமராவை வெளியேற்றியது சும்மா அல்ல.

மூன்று, கோபம் ஆறிவிடும், ஆதாரம் ஆறாது. அதனால் ஒரு படம் கைக்கு வந்தால் "இது என்னை எவ்வளவு உலுக்குகிறது" என்பதோடு நிற்காமல், யார் எடுத்தது, எப்போது, எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கணினியே போலிப் படம் செய்து தரும் இந்தக் காலத்தில் இந்தக் கேள்விகளை விட்டுவிட்டால், உண்மையான படத்தையும் "போலி" என்று தள்ளுவது குற்றவாளிக்குச் சுலபமாகிவிடும். 2009இல் அப்படித்தான் தள்ளினார்கள்.

2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தெருவோரம் போராடத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். அவர்கள் கையில் இருப்பதும் புகைப்படங்கள்தான். ஸ்டூடியோவில் தலைவாரி எடுத்த படம், அடையாள அட்டைக்கு எடுத்த படம். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் மறுபடி தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு சின்ன எலும்புக்கூட்டின் அருகே பள்ளிக்கூடப் பை ஒன்றும் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து நம் கல்லூரி எதுவும் வாசலுக்கு வரவில்லை.

வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாக்களில் பலர் மகன் வருவான் என்று காத்திருந்தே இறந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த படத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு படத்தைப் பார்த்து ஐந்து வாரம் கொதிப்பதை விட, பதில் வரும் வரை அந்தக் கேள்வியை மறக்காமல் இருப்பது கஷ்டமான வேலை. நாம் செய்ய வேண்டியது அதுதான் என்று தோன்றுகிறது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள் நண்பர்களே.